வோச் காலடியைப் பிழையாக எண்ணுகிறதா? கடைக்குக் கொண்டு போவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஸ்மார்ட் வோச் கட்டிய முதல் வாரத்திலேயே பலருக்கும் வரும் முறைப்பாடு இதுதான்: "நடந்ததற்கும் இது காட்டுறதுக்கும் சம்பந்தமே இல்ல." வீட்டு வேலையோடு நின்ற நாளில் 9,000 காட்டும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் வரை நடந்துவிட்டு வந்த நாளில் 3,000 காட்டும். கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் அதைத் தன் கையில் கட்டி, கடைக்குள் நாலு எட்டு வைத்துப் பார்த்து, "நல்லாத்தானே வேலை செய்யுது" என்று திருப்பித் தருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடைக்குள் நடந்து பிடிக்கக்கூடிய பிழை இல்லை இது.

ஸ்மார்ட் வோச், ஸ்மார்ட் பேண்ட் இரண்டுக்கும் இங்கே வோச் என்றே எழுதுகிறேன். காலடி எண்ணும் முறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழே உள்ளவற்றைச் செய்ய ஒரு காலை நேரமும், அதற்குப் பிறகு மூன்று நாள் அவதானிப்பும் போதும். பட்டி மாற்ற வேண்டி வந்தாலொழிய, கடைசிப் படிக்குப் போகும் வரை ஒரு சதமும் செலவில்லை.

தொடங்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். வோச் உங்கள் காலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது. உள்ளே உள்ள அசைவு உணரி கை முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் போவதை அளக்கிறது. அந்த அசைவு ஒரே தாளத்தில் தொடர்ந்தால் "நடக்கிறார்" என்று முடிவெடுத்து எண்ணத் தொடங்கும். கை ஆடாமல் கால் நடந்தால் குறையும். கால் நடக்காமல் கை ஆடினால் கூடும். முறைப்பாடுகளில் முக்கால்வாசி இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

1. கூடவா குறையவா என்று முதலில் அளந்து பாருங்கள்

"பிழையாகக் காட்டுது" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எந்தப் பக்கம் பிழை, எவ்வளவு பிழை என்பது தெரிய வேண்டும். அதற்கு 100 காலடிச் சோதனை போதும்.

மட்டமான தார் வீதியோ விளையாட்டு மைதானமோ வேண்டும். கடற்கரை மணல் சரிவராது. காலை 5.30க்கும் 6.30க்கும் இடையில் செய்தால் வெயிலும் இல்லை, வாகனமும் குறைவு. ஒரு துண்டுத் தாளும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடம் அசையாமல் நின்று, வோச் திரையில் உள்ள எண்ணை எழுதுங்கள். போனில் உள்ள எண்ணை எழுத வேண்டாம். போன் எப்போதும் வோச்சுக்குப் பின்னால்தான் வரும். பிறகு கையை இயல்பாக வீசி, மனதுக்குள் எண்ணிக்கொண்டு சரியாக 100 காலடி நடந்து நில்லுங்கள். உடனே கையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். சில வோச்சுகள் எண்ணிக்கையைத் திரையில் ஏற்ற சில வினாடி எடுக்கும். அரை நிமிடம் விட்டுப் பார்த்து எழுதுங்கள். இதையே மூன்று தரம் செய்யுங்கள்.

இடது கால் ஒன்று, வலது கால் இரண்டு. ஒவ்வொரு கால் நிலத்தில் படுவதும் ஒரு காலடி. அணிநடை பழகியவர்கள் இடது காலுக்கு மட்டும் எண்ணும் பழக்கத்தில் 100 என்று நிற்பார்கள். வோச் 200 காட்டும். அதில் வோச்சின் பிழை எதுவும் இல்லை.

நூறுக்குப் பதிலாக இருபது காலடி நடந்து பார்க்கவும் கூடாது. பெரும்பாலான வோச்சுகள் பத்துக் காலடி அளவு தொடர்ச்சியாக நடந்த பிறகே அதை நடை என்று ஏற்றுக்கொள்கின்றன. சில அந்த முதல் பத்தையும் பின்னர் சேர்த்துக்கொள்ளும், சில விட்டுவிடும். இருபதில் பத்துப் போனால் பாதி பிழை போலத் தெரியும். நூறில் அது பெரிய கணக்கில்லை.

மூன்று எண்ணும் 95க்கும் 105க்கும் இடையில் வந்தால் உங்கள் வோச் நன்றாக இருக்கிறது. பிழை நாளாந்த வேலையில் இருக்கிறது. 2ஆம், 3ஆம் படிகளைப் பாருங்கள். மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், உதாரணமாக 84, 86, 83 என்று வந்தால், செட்டிங்கோ கட்டும் விதமோ காரணம். ஒரு தரம் 70, அடுத்த தரம் 118 என்று தாறுமாறாக வந்தால் முதலில் பட்டியைச் சந்தேகியுங்கள், பிறகு உணரியை.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இரவு படுக்கும்போது வோச்சைக் கழற்றி அசையாத மேசையில் வையுங்கள். நள்ளிரவில் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். விடிய எழும்பியதும் கையில் எடுக்காமலே திரையைப் பாருங்கள். பூச்சியம் இருக்க வேண்டும். மேசையில் கிடந்தபடியே நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் அதுதான் உண்மையான பழுது. நேரே 8ஆம் படிக்குப் போகலாம்.

2. கூடக் காட்டினால்: கை செய்த வேலையைத் தேடுங்கள்

கூடக் காட்டுகிறவர்களிடம் "இன்றைக்குக் கையால் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாலே பெரும்பாலும் விடை வந்துவிடும்.

வட்டைக்குள், அதாவது வயலுக்குள், மருந்தடிக்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் மருந்து டாங்கி, ஒரு கை பம்புத் தடியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும், மற்றக் கை குழாயைப் பிடித்திருக்கும். கால் சேற்றில் புதைந்து மெதுவாகத்தான் நகரும். வோச் பம்படிக்கும் கையில் இருந்தால் அது எண்ணுவது பம்பு அடித்த தடவைகளை. ஒரு டாங்கி முடியும்போது நடந்ததற்குப் பல மடங்கு ஏறியிருக்கும். குழாய் பிடிக்கும் கைக்கு மாற்றினால் இந்த ஏற்றம் நின்றுவிடும். ஆனால் அப்போது நடந்ததும் குறைவாகத்தான் பதியும், ஏனென்றால் அந்தக் கை வீசவில்லை. இரண்டில் எது பரவாயில்லை என்றால் குறைவதுதான். கூடிய கணக்கு ஆளை ஏமாற்றும். மருந்து வோச்சில் படுவதும் நல்லதல்ல என்பதால், கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவது இன்னும் மேல்.

மருதமுனையில் கைத்தறியில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஒரு கை நாடா ஓடும் கயிற்றை இழுக்கும், மற்றக் கை பலகையைத் தள்ளும், இரண்டும் ஒரே தாளத்தில். கை மாற்றியும் பயனில்லை. தறியில் இருக்கும் நேரம் கழற்றி வைப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டில் தேங்காய் திருவுவது, உடுப்புத் தோய்ப்பது, மா இடிப்பது, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவது எல்லாம் ஏற்றும். வாவியில் தோணி வலிப்பதும் அப்படியே. லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பிடிக்கிறவர்களுக்குக் கைபிடியின் அதிர்வே போதும். கிரவல் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓடுவதும், குலுங்கும் பஸ்ஸில் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவதும் சிலருக்குச் சில நூறைக் கூட்டிவிடும்.

எந்த வேலை எவ்வளவு ஏற்றுகிறது என்று அறிய மூன்று நாள் குறிப்பெடுங்கள். வேலை தொடங்கும்போது ஒரு எண், முடியும்போது ஒரு எண். வெறும் நேரம், வேலை, எண். வேறு எதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் முடியும்போது கள்ளன் யார் என்று தெரிந்துவிடும். வீட்டு வேலைக்குப் பின் பெரிய ஏற்றம் இருந்தால் அந்த நேரம் மட்டும் கழற்றி வையுங்கள், அல்லது வேலை செய்யாத கைக்கு மாற்றுங்கள். திருவலையில் தேங்காயை அசைக்கும் கை எது, தோய்க்கும்போது பலமாக அசையும் கை எது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

3. குறையக் காட்டினால்: கை ஏன் ஆடவில்லை?

மூத்தவர்கள் பலர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடப்பார்கள். ஒரு மணித்தியாலம் நடந்தாலும் வோச்சில் கொஞ்சம்தான் ஏறும். சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது, குடை பிடிப்பது, பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பது, போனைக் காதில் வைத்துப் பேசுவது, சந்தைப் பையைத் தூக்குவது, காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொள்வது எல்லாம் இதே வகைதான். உடற்பயிற்சி நிலையத்தில் நடைப்பொறியின் கம்பியைப் பிடித்து நடந்தாலும் குறையும்.

இதற்கு எளிய வழி: கை ஆடாத நேரம் வோச்சை இடுப்புப் பக்கம் கொண்டுபோங்கள். காற்சட்டையின் முன் பைக்குள் போடலாம். சாரன் உடுத்திருப்பவர்கள் மடிக்குள் இறுகச் செருகலாம். இடுப்பும் தொடையும் ஒவ்வொரு காலடிக்கும் அசைவதால் எண்ணிக்கை பெரும்பாலும் ஒழுங்காக வரும். அந்த நேரத்தில் இதயத் துடிப்பு பதியாது, அதை விடுங்கள். "கையில் இல்லை" என்று கண்டு எண்ணுவதையே நிறுத்தும் வோச்சுகளும் இருப்பதால், மடியில் வைத்து ஒருமுறை 100 காலடிச் சோதனை செய்து பார்த்துவிட்டு நம்புங்கள். சிலர் கணுக்காலில் கட்டச் சொல்வார்கள். அதில் சில வோச் ஒரு காலை மட்டும் எண்ணிப் பாதி காட்டும். சோதித்துப் பார்க்காமல் கட்ட வேண்டாம்.

மெதுவாக, காலை இழுத்து நடப்பவர்களுக்கு எந்த வோச்சும் திணறும். பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர், மூட்டு நோ உள்ளவர், ஊன்றுகோலோடு நடப்பவர் என்று இவர்களுக்கு மணிக்கட்டுக் கணக்கு நம்பத் தகுந்ததல்ல. காலடியை விட்டுவிட்டு, நடந்த நிமிடங்களைக் குறித்துக்கொள்வதே ஒழுங்கான வழி. கிளினிக்கில் காட்டவும் அது போதும்.

வீட்டுக்குள் குசினிக்கும் விறாந்தைக்கும் ஆறு எட்டு, ஏழு எட்டு என்று நாள் முழுக்க நடந்தது எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சிறு நடைகள் மேலே சொன்ன பத்துக் காலடி வாசலைத் தாண்டுவதில்லை. அது பழுதல்ல. கையசைவை எல்லாம் காலடியாக எண்ணிவிடாமல் இருக்க அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

மணலிலும் வயல் வரம்பிலும் நடையின் தாளம் உடைகிறது. கல்லடியிலோ பாசிக்குடாவிலோ மணலில் நடப்பவர்கள் நீர்க்கோட்டை ஒட்டிய ஈரமான இறுகிய மணலில் நடந்தால் எண்ணிக்கை தார் வீதிக்கு நெருங்கி வரும்.

4. பட்டியைப் பாருங்கள்

மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக, ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். கையை உதறினால் வோச் வழுக்கக் கூடாது. கழற்றியபின் தோலில் ஆழமான தழும்பும் இருக்கக் கூடாது. வளையல் போலத் தொங்கவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் வோச் தனியாக ஒரு துள்ளுத் துள்ளும். அதையும் சில வோச் காலடியாக எடுக்கும். 1ஆம் படியில் தாறுமாறான எண் வந்தவர்கள் ஒரு துளை இறுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

நம் பக்க வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் றப்பர் பட்டி விரைவில் இளகித் துளை பெரிதாகும். பட்டி மட்டும் தனியாகக் கிடைக்கும். மாடலின் பெயரைச் சொல்லி வாங்குங்கள். ஒரே கம்பனியின் அடுத்தடுத்த மாடல்களுக்குக்கூட பட்டி பொருந்தாமல் போவது உண்டு. பழைய பட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

கடலில் குளித்தால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பின்புறச் சார்ஜ் ஊசிகளில் உப்புப் பிடித்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறாது, வோச் பகலில் இடையில் செத்துப்போகும். செத்துக் கிடந்த நேரத்தின் காலடி திரும்ப வராது. "பின்னேரம் நடந்தது எண்ணவே இல்லை" என்கிறவர்கள் முதலில் பற்றரியைப் பார்க்க வேண்டும். ஊசிகளைப் பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலர்ந்த பிறகு சார்ஜில் போடுங்கள்.

5. செட்டிங்கில் மூன்று இடம்

முதலாவது, எந்தக் கை. வோச்சோடு இணைக்கப் போனில் போட்ட செயலியில், வோச்சின் செட்டிங்குக்குள் இடது கையா வலது கையா என்று கேட்கும் இடம் இருக்கும். ஃபிட்பிட் கம்பனி வோச்சுகளில் அதிகம் பாவிக்கும் கையா, மற்றக் கையா என்று கேட்கும். அதிகம் பாவிக்கும் கை என்று கொடுத்தால் சின்னச் சின்ன அசைவுகளை அது கழித்துவிடும். ஆகவே கூடக் காட்டுகிறவர்கள் இந்த ஒன்றை மாற்றியே பார்க்கலாம். வலது கைக்காரர் இடது கையில் கட்டி, செட்டிங்கில் வலது என்று விட்டிருப்பது சாதாரணமாக நடக்கும் தவறு.

இரண்டாவது, உயரம். பெரும்பாலான வோச்சுகளில் உயரம் காலடி எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை. தூரத்தையும் கலோரியையும்தான் தீர்மானிக்கும். "5 கிலோமீற்றர் நடந்தேன், 6 காட்டுது" என்றால் இங்கே பாருங்கள். 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று போடக் கூடாது. அது 168 சென்ரிமீற்றர். சென்ரிமீற்றரிலேயே போடுங்கள், குழப்பம் இல்லை.

மூன்றாவது, ஒரு காலடியின் நீளம். வோச் இதை உங்கள் உயரத்தில் சுமார் 0.41 பங்கு என்று தானே கணக்கெடுக்கும். 165 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 68 சென்ரிமீற்றர். உங்கள் நடை அப்படி இல்லாமல் இருக்கலாம். அளப்பதற்கு நம் பக்கத்தில் இலவசமான அளவுகோல் இருக்கிறது: ஏ4 வீதியின் கிலோமீற்றர் கற்கள். பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு வரை அந்த வீதிதான் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு கல்லுக்கு இடையில் 1,000 மீற்றர். விடியக்காலையில், வாகனம் எதிரே வரும் பக்கமாக, வீதி ஓரத்தில் ஒரு கல்லிலிருந்து மறு கல் வரை எண்ணிக்கொண்டு நடங்கள். நூறு வந்ததும் ஒரு விரலை மடக்கினால் கணக்குத் தவறாது.

1,430 காலடி வந்தது என்று வையுங்கள். 1,000ஐ 1,430ஆல் பிரித்தால் 0.70 மீற்றர், அதாவது 70 சென்ரிமீற்றர். வோச் 75 என்று வைத்திருந்தால் அதே நடைக்கு 1,072 மீற்றர் காட்டியிருக்கும். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 72 மீற்றர் பொய். செயலியில் கையால் மாற்ற இடம் இருந்தால் 70 என்று போடுங்கள். சில செயலிகளில் அந்த இடத்துக்கு இட்டிருக்கும் ஆங்கிலப் பெயரின் சரியான பொருள் இரண்டு காலடி என்பதாகும், ஆனால் அவர்கள் கேட்பது ஒரு காலடியைத்தான். 140 என்று போட்டுவிடாதீர்கள். போட்ட பின் தூரம் இரட்டிப்பாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

அப்பிள் வோச்சுக்கு மட்டும் தனி வழி. ஐபோனில் பிரைவசி, லொக்கேஷன் சேர்விசஸ், சிஸ்டம் சேர்விசஸ் என்று உள்ளே போனால் மோஷன் கலிபரேஷன் என்று ஒன்று இருக்கும். அது திறந்திருக்க வேண்டும். பிறகு திறந்த வெளியில், வோச்சில் வெளிநடை என்ற பயிற்சியைத் தொடங்கி, உங்கள் வழக்கமான வேகத்தில் 20 நிமிடம் நடந்தால் அது தானே உங்கள் நடையைப் படித்துக்கொள்ளும்.

6. வோச்சில் ஒன்று, போனில் இன்னொன்று

வோச் திரை சரி, போன் மட்டும் பிழை என்றால் வோச்சைத் தொடவே வேண்டாம்.

போனில் குறைவாக இருந்தால் தரவு வந்து சேரவில்லை. புளூடூத் திறந்திருக்கிறதா, செயலிக்கு அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடப் பெரிய வில்லன் போனின் பற்றரிச் சேமிப்பு. பின்னணியில் ஓடும் செயலியை அது நிறுத்திவிடும். போன் செட்டிங்கில் அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். ஷாவோமி போன்களில் ஓட்டோஸ்டார்ட் என்பதையும் திறக்க வேண்டும். பிறகு செயலியைத் திறந்து, விரலால் கீழே இழுத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள்.

போனில் கூடுதலாக இருந்தால், போன் தானும் எண்ணுகிறது. சட்டைப் பைக்குள் போன், கையில் வோச், இரண்டின் கணக்கையும் ஒரே செயலி கலந்து காட்டும். சாம்சுங் ஹெல்த் போன்ற செயலிகளில் எல்லாச் சாதனமும், போன் மட்டும், வோச் மட்டும் என்று தெரிவு இருக்கும். வோச் மட்டும் என்று வையுங்கள். ஒரே போனில் மூன்று நடைச் செயலிகளைப் போட்டு ஒன்றோடொன்று இணைத்து வைப்பது தலையிடியை விலைக்கு வாங்குவது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

இனி, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த வோச். கட்டாரிலோ சவூதியிலோ இணைத்துப் பாவித்ததை அப்படியே கட்டினால், நேர வலயம் அங்கேயே நிற்கலாம். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணித்தியாலம் வித்தியாசம். ஆகவே நாள் கணக்கு நள்ளிரவில் பூச்சியமாகாமல் நம் நேரம் அதிகாலை 2.30க்குத்தான் பூச்சியமாகும். டுபாய் என்றால் 1.30க்கு. நேரத்தைக் கையால் மட்டும் திருத்தினால் போதாது. போனில் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றி, வோச்சைப் போனோடு சேருங்கள்.

அந்த வோச் பழைய ஆளின் கணக்கோடு பிணைந்திருந்தால் உங்கள் போனில் சேரவே மாட்டாது. அவரைக் கொண்டே அவருடைய செயலியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பாவித்த வோச் காசு கொடுத்து வாங்குவதானால், இதைச் செய்து முடித்து, உங்கள் போனில் சேர்த்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

7. ரீஸ்டார்ட், அப்டேட், ரிசெட்: இந்த வரிசையில்தான்

ரீஸ்டார்ட் இரண்டு நிமிட வேலை. முதலில் அதைச் செய்து 100 காலடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சரிவராவிட்டால் அப்டேட். வோச்சில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்க வேண்டும், போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், முடியும் வரை செயலியை மூடக் கூடாது. அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடமானால் வைஃபை உள்ள வீட்டில் இருந்து செய்வது புத்தி. பாதியில் அறுந்தால் வோச் திரும்ப எழும்பாமல் போகவும் இடமுண்டு.

ரிசெட் கடைசி. அதற்கு முன் வோச்சில் உள்ளதெல்லாம் போனுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள், வராதது அழிந்துபோகும். ரிசெட் செய்தபின் போனின் புளூடூத் பட்டியலிலிருந்தும் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். கை, உயரம், காலடி நீளம் மூன்றையும் மறுபடி போட வேண்டும். இதை மறந்துவிட்டு "ரிசெட் பண்ணியும் பிழைதான்" என்பவர்கள் நிறைய.

பாதயாத்திரை போகிறவர்களுக்கு இங்கே ஒரு இடைச்செருகல். உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியே கதிர்காமம் போகும்போது சார்ஜ் போட இடமில்லை. போகுமுன் எப்போதும் ஒளிரும் திரை, இரத்த ஒட்சிசன் அளவீடு, ஜிபிஎஸ், குறுஞ்செய்தி அறிவித்தல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலடி எண்ணுவதற்கு மிகக் கொஞ்சச் சக்திதான் போகும். நினைவகமும் அளவானது. ஃபிட்பிட் வோச்சுகள் நிமிடக் கணக்கான விபரத்தை 7 நாளுக்கும், நாள் மொத்தத்தை 30 நாளுக்கும் வைத்திருக்கும். மட்டக்களப்பிலிருந்தே நடந்து போகிறவர்கள் உகந்தையில் காட்டுக்குள் இறங்கு முன் ஒருமுறை போனோடு சேர்த்துவிட வேண்டும். தடி ஊன்றி நடந்தால் தடி பிடிக்காத கையில் கட்டுங்கள்.

8. கடைக்குப் போவதானால்

மேசையில் கிடந்து எண்ணுவது, 100 நடந்தும் பூச்சியம் காட்டுவது, அப்டேட்டுக்கும் ரிசெட்டுக்கும் பிறகும் தாறுமாறாக வருவது: இவை மூன்றும் பழுது. 100க்கு 93 காட்டுவதைப் பழுது என்று எந்தக் கடையும் ஏற்காது, ஏற்கச் சொல்வதும் நியாயமில்லை.

கொண்டுபோக வேண்டியவை:
- பில். வெப்பத்தில் அச்சாகும் பளபளப்பான தாள் என்றால் சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, ஒரு போட்டோ கொப்பியும் எடுத்து வையுங்கள்.
- வொரண்டி அட்டை. திகதியும் கடையின் முத்திரையும் இல்லாவிட்டால் அது வெறும் அட்டை. வாங்கும்போதே போடுவித்துக்கொள்ளுங்கள்.
- பெட்டி. சீரியல் இலக்கம் அதில்தான் இருக்கும். வோச்சின் செட்டிங்கில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும்.
- சார்ஜர்.
- வீடியோ. மேசையில் கிடந்து எண்ணுவதை அசையாத போனால் எடுத்தது, அல்லது 100 காலடிச் சோதனையின் முன் எண்ணும் பின் எண்ணும் தெரிய எடுத்தது. எழுதி வைத்த மூன்று நாள் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கியிருந்தால் ஓடர் இலக்கத்தின் படமும் வேண்டும்.

வொரண்டி யாருடையது என்று கேளுங்கள். கடை வொரண்டி என்றால் அந்தக் கடையே பார்க்கும். கம்பனி வொரண்டி என்றால் பெரும்பாலும் கொழும்புக்கு அனுப்புவார்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். கூரியர் காசு யார் தருவது, திருத்த முடியாவிட்டால் மாற்றுத் தருவார்களா என்று அனுப்புமுன் கேட்டு, ஒப்படைத்ததற்குத் திகதியோடு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே வொரண்டி பெரும்பாலும் கிடைக்காது. தண்ணீர் உள்ளே போனதும், வெளியே எங்கேயாவது கொடுத்துத் திறந்து பார்த்ததும் வொரண்டியை இல்லாமல் செய்துவிடும். வொரண்டி முடியும் வரை பக்கத்துப் போன் திருத்தும் கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். வொரண்டி முடிந்த மலிவு வோச்சில் உணரி போயிருந்தால், திருத்தும் கூலியை அதே பணத்தில் வாங்கக்கூடிய புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாகத் திருத்துவது நட்டம்.

அனுப்புமுன் தரவைப் போனுக்கு எடுத்து, உங்கள் கணக்கிலிருந்து வோச்சை நீக்கிவிட்டு, பட்டியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பட்டி திரும்பி வராமல் போவது உண்டு.

கடைக்காரர் வொரண்டியை ஏற்க மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி 1977. எழுத்து மூலம் கொடுப்பதானால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்தடிக்கும்போது இந்த மூன்று மாதத்தை மறந்துவிடாதீர்கள். கடிதத்தோடு பில், வொரண்டி அட்டை, ஒப்படைத்த துண்டு ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் இணையுங்கள். மூலங்கள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.